கம்பி முனைப் பிசிறு: அரமா, சாணையா, லேத்தா, தனி மெஷினா?

கம்பியை எதில் அறுத்தாலும் முனையில் பிசிறு, அதாவது விளிம்பில் ஒட்டி நிற்கும் கூரான உலோக ஓரம், நிற்கும். அதை எதால் எடுப்பது என்ற கேள்வி, ஆர்டர் சின்னதாக இருக்கும்வரை யாருக்கும் எழுவதில்லை. கையில் அரம் இருக்கிறது, மூலையில் கிரைண்டர் இருக்கிறது, வேலை நடந்துவிடுகிறது. எண்ணிக்கை கூடும்போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது. "இரண்டு பேர் நாள் முழுக்க கிரைண்டரிலேயே நிற்கிறார்கள். லேத்துக்கு மாற்றலாமா, இல்லை இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் சீவும் மெஷினே வாங்கிவிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. கேட்பது மெஷினைப் பற்றி என்றாலும், அந்த முனை அடுத்து எங்கே போகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

## அடுத்த வேலை என்ன கேட்கிறது?

அறுத்த கம்பியை எடுக்கிறவர் கை கிழியக்கூடாது என்பது மட்டும்தான் தேவை என்றால், கூர்மையை 0.2, 0.3 மிமீ அளவுக்கு உடைத்துவிட்டாலே போதும். கோணம் என்ன, அகலம் என்ன என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பார் ஃபீடர் (கம்பியைத் தானாக உள்ளே தள்ளும் சாதனம்) வைத்த சிஎன்சி லேத்துக்குப் போகிற கம்பி அப்படியில்லை. பிசிறோடு உள்ளே போனால் ஃபீடரின் உட்குழாயைச் சுரண்டும், கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டைக் கெடுக்கும், அதைத் தாங்கும் கைடு புஷ்ஷில் மாட்டி மெஷினையே நிறுத்தும். அங்கே ஒழுங்கான சாம்ஃபர், அதாவது விளிம்பைச் சீவி எடுத்த சாய்வு, கட்டாயம். உருளைகளால் அழுத்தி மரை உருட்டும் வேலைக்கு, கம்பியின் நடு அச்சோடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வு வேண்டும். அது இல்லையென்றால் ரோலின் ஓரம் சீக்கிரம் உடையும். ரப்பர் சீலுக்குள் நுழைகிற ராடுக்கு 15 முதல் 20 டிகிரி வரை மெல்லிய நீண்ட சாய்வு கேட்பார்கள். அங்கே முக்கியம் சாய்வு முடிந்து வட்டம் தொடங்கும் அந்த விளிம்புதான். அதில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் பொருத்தும்போதே சீல் கிழிந்துவிடும்.

பூச்சுக்குப் போகிற முனைக்கும் தனிக் கணக்கு உண்டு. ஹார்டு குரோம் பூசும்போது கூர்முனையில் மின்னோட்டம் குவிவதால் பூச்சு அங்கே தடித்து முண்டுமுண்டாக வளரும். பெயிண்டில் நடப்பது நேர் எதிர்: கூர்முனையிலிருந்து பெயிண்ட் விலகி மெலிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஐஎஸ்ஓ 8501-3 தரத்தின் மிக உயர்ந்த நிலையான பி3, விளிம்பை 2 மிமீ ஆரத்துக்குக் குறையாமல் உருட்டச் சொல்வது இதனால்தான். கடினமாக்கச் சூடாக்கிக் குளிர்விக்கும் கம்பியில் பிசிறும் கூர்மூலையும் விரிசலுக்கு வழிவிடும்.

வரைபடத்தில் "கூர்முனைகளை நீக்கவும்" என்று ஒரே வரி எழுதிவிட்டு விடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். நீக்கியாயிற்று என்று செய்தவர் சொல்வார், போதாது என்று வாங்கியவர் சொல்வார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஐஎஸ்ஓ 13715 இதற்கென்றே ஒரு குறியீடு வைத்திருக்கிறது. விளிம்புக்கு −0.3 என்று போட்டால் அந்த அளவுவரை உலோகத்தை எடுக்கலாம்; கூட்டல் குறி போட்டால் அந்த அளவு பிசிறு நிற்கலாம். வாடிக்கையாளரிடம் இந்த ஒரு எண்ணை வாங்கிவிட்டால், கீழே வரும் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் அளவும் கோணமும்: ஒவ்வொரு முனையும் ஒன்றுபோல வர வேண்டுமா, பிசிறு போனால் போதுமா? அடுத்தது கம்பியின் வடிவம், வட்டமா, சதுரமா, அறுகோணமா, குழாயா என்பது. இது பலரும் கடைசியில் யோசிக்கிற விஷயம், ஆனால் மெஷின் தேர்வைத் தலைகீழாக்கக்கூடியது. அப்புறம் நீளமும் எடையும். பிறகு ஒரே அளவில் எத்தனை கம்பி தொடர்ந்து வருகிறது என்பது; மாதத்தின் மொத்த எண்ணிக்கை இதற்கு உதவாது. உலோகம் எது என்பதும் உண்டு. கடைசியாக, வேலை செய்கிறவரின் கையும் மூச்சும். இதை நான் கடைசியில் எழுதுவது வரிசைக்காகத்தான்.

## மெஷின் தேடும் முன் அறுப்பைப் பாருங்கள்

பிசிறு எடுக்கும் செலவைக் குறைக்க மலிவான வழி, பிசிறைச் சின்னதாக வர வைப்பது. உராய்வுச் சக்கரத்தில் அறுத்தால் சூட்டில் உருகி ஒட்டிய தடித்த பிசிறு நிற்கும். கத்தரியில் வெட்டினால் ஒரு பக்கம் நசுங்கி உருண்டும் மறுபக்கம் கூராகப் பிதுங்கியும் இருக்கும், முனையின் வட்டமே கெட்டிருக்கும். பேண்ட் சாவில் பிளேடு வெளியேறும் பக்கத்தில் மட்டும் மெல்லிய சுருள் போலப் பிசிறு தொங்கும். கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம் இவற்றில் மிகச் சுத்தமானது.

அறுத்த முனையில் பஞ்சுத் துணியை ஒருமுறை சுற்றி இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் பிசிறு. பேண்ட் சா வேலையில் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் மாட்டும். சுற்றிலும் மாட்டினாலோ, நேற்றைவிட இன்று அதிகமாக மாட்டினாலோ, பிளேடு மழுங்கிவிட்டது. வெறும் விரலால் மட்டும் தடவிப் பார்க்க வேண்டாம்.

## அரமும் கைக் கிரைண்டரும்

முதலீடு இல்லை, எந்த வடிவத்துக்கும் ஒத்துவரும், மேலே தூக்க முடியாத கனமான கம்பியிடமும் கருவியைக் கொண்டுபோகலாம். பத்து இருபது கம்பிக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் ஒரு சதுரக் கம்பியின் நான்கு பக்கத்தையும் அரத்தால் ஒவ்வொரு இழுப்பில் ராவி வைப்பதை எந்த மெஷினும் அவ்வளவு சுலபமாகச் செய்துவிடாது.

மறைசெலவு, அளவு ஒன்றுபோல வராததுதான். காலையில் ராவிய முனையும் மாலையில் ராவிய முனையும் ஒன்றாக இருக்காது. கைக் கிரைண்டரில் இன்னொரு பிரச்சினை அதிர்வு. நாள் முழுக்க அதைப் பிடிக்கும் கையில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். வந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, 8 மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 மீ/வி² ஆனதுமே குறைக்கும் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது, 5 மீ/வி²-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. சாதாரண ஆங்கிள் கிரைண்டரை நாள் முழுக்கப் பிடித்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. ஒருவரை மாதக்கணக்கில் இதே வேலையில் நிறுத்துவதை நான் ஒரு வழியாகவே எண்ணமாட்டேன்.

துருப்பிடிக்காத எஃகு வேலையென்றால் அதற்குத் தனி அரம், தனி பிரஷ், தனி டிஸ்க் வையுங்கள். சாதா இரும்பில் ஓடிய கருவியைப் போட்டால் இரும்புத் துகள் பதிந்து, சில நாளில் முனையில் துருப்புள்ளிகள் வரும்.

## பெஞ்ச் கிரைண்டரும் பெல்ட்டும்

கம்பியைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே கல்லில் காட்டுவது. அரத்தைவிட வேகம், கைக் கிரைண்டரைவிட நிதானம். ஒரு மீட்டருக்குள் இருக்கும் இலேசான வட்டக் கம்பிக்கு நன்றாகவே போகும். நீளம் கூடினால் பின்முனை ஆடும், சாம்ஃபர் ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கும்.

கல்லைவிட பெல்ட் நல்லது என்பது என் எண்ணம். சூடு குறைவு, கல் உடையும் பயம் இல்லை, தேய்ந்தால் மாற்றுவது நிமிட வேலை. கல்லே வைத்திருந்தால் ரெஸ்ட்டுக்கும் (கம்பியை வைக்கும் தாங்கி) கல்லுக்கும் இடைவெளி 3 மிமீ, உறையின் மேல் நாக்குக்கு 6 மிமீ என்ற எல்லையைக் கல் தேயத் தேயத் திருத்திக்கொண்டே வர வேண்டும். இடைவெளி கூடினால் மெல்லிய கம்பி உள்ளே இழுக்கப்படும். அலுமினியத்தைச் சாதா கல்லில் காட்டக்கூடாது: கல்லின் துளைகள் அடைந்து, சூடேறி, கல்லே வெடிக்கலாம். அலுமினியத் தூசு எரியக்கூடியது என்பதால், இரும்புப் பொறி போகும் அதே உறிஞ்சுகுழாயில் அதை விடுவதும் ஆபத்து.

## லேத்

அளவும் கோணமும் துல்லியமாக வேண்டும் என்றால் லேத்துதான் முதலில் நினைவுக்கு வரும். 30 டிகிரி கேட்டால் 30 டிகிரி வரும், சாய்வின் பரப்பும் வழவழப்பாக இருக்கும். அந்தக் கம்பி எப்படியும் கடைசலுக்குப் போகப் போகிறது என்றால் சாம்ஃபருக்குத் தனிச் செலவே இல்லை. துண்டாக்கும்போதுகூடப் பின்முனையைச் சேர்த்தே முடித்துவிடலாம். பார்ட்டிங் டூலை (துண்டாக்கும் கருவி) பாதி ஆழம்வரை இறக்கி, வெளியே எடுத்து, பின்பக்க மூலையில் சாய்வு போட்டுவிட்டு, மறுபடி இறக்கித் துண்டிக்க வேண்டும். விளிம்புப் பிசிறு பிறக்கும் முன்பே போய்விடும், நடுவில் ஒரு சின்ன முளை மட்டும் மிஞ்சும்.

ஆனால் சாம்ஃபர் மட்டுமே வேலை என்றால் லேத் வீண். வெட்டும் நேரம் சில நொடி, ஏற்றி இறக்கித் திருப்பிப் போடும் நேரம் அதைவிடப் பல மடங்கு. ஸ்பிண்டில் துளைக்குள் நுழையாத தடிமனை நீளமாகப் பிடிக்க வழியில்லை. நுழைந்தாலும், பின்னால் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான கம்பி வேகத்தில் வளைந்து சாட்டையாகச் சுழலும்; பக்கத்தில் நிற்பவரைக் கொல்லக்கூடிய விஷயம் அது. பெரிய மறைசெலவு இன்னொன்று: அந்த நேரத்தில் லேத் செய்திருக்க வேண்டிய உண்மையான கடைசல் நின்றுபோகிறது.

## இருமுனை சாம்ஃபரிங் மெஷின்

இங்கே கம்பி சுழல்வதில்லை. வி-வடிவத் தாடைகள் அதை இறுக்கிப் பிடிக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் கார்பைடு இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை) வைத்த தலைகள் சுழன்றுகொண்டே வந்து சீவிவிட்டுப் போகும். கம்பி சுழலாததால் நீளமும் எடையும் பெரிய தடை இல்லை, சாட்டை ஆபத்து இல்லை. முகத்தையும் சேர்த்துச் சீவினால் நீளம் ஒன்றுபோல வரும். சென்டர் துளையும் போடலாம். குழாய்க்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும். ஒரே அளவு வட்டக் கம்பி தொடர்ந்து ஓடும் இடத்தில் இதற்குப் போட்டியே கிடையாது.

எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் கட்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், ஸ்டாப்வாட்ச் போதும். கணக்குக்காக ஒரு முனைக்குக் கையால் 20 நொடி, அதாவது கம்பிக்கு 40 நொடி என்று வைப்போம். மெஷினில் கம்பிக்கு 10 நொடி, அளவு மாற்றிச் செட் செய்ய 30 நிமிடம். 60 கம்பியில் இரண்டும் சமமாகிவிடும். 1000 கம்பி என்றால் கைவேலை 11 மணி நேரத்தைத் தாண்டும், மெஷின் செட்டிங்கோடு சேர்த்தும் மூன்றரை மணிக்குள் முடிக்கும். 30 கம்பி என்றால் கையே ஜெயிக்கும். இந்த மூன்று எண்களையும் உங்கள் இடத்தில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஆறு அளவு மாறுகிற இடத்தில் மாத மொத்தம் எத்தனை ஆயிரமாக இருந்தாலும் மெஷின் நாளில் மூன்று மணி நேரம் செட்டிங்கில்தான் நிற்கும்.

இனி வடிவத்துக்கு வருவோம். சுழலும் தலை வெட்டுவது ஒரு கூம்பை. வட்டக் கம்பியில் அது சுற்றிலும் ஒரே அகலத்தில் விழும். சதுரக் கம்பியில் அப்படி விழாது. 20 மிமீ சதுரத்தை எடுத்துக்கொண்டால், நடுவிலிருந்து மூலை 14.14 மிமீ தூரம், பக்கத்தின் மையம் 10 மிமீ தூரம். 45 டிகிரியில் சீவினால் முதலில் மூலைகள்தான் வெட்டுப்படும். பக்கத்தின் மையத்திலுள்ள பிசிறைத் தொடுவதற்குள் மூலையில் 4.14 மிமீ போயிருக்கும், முனை பென்சில் சீவியது போல ஆகிவிடும். அறுகோணக் கம்பியில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பக்கத்துக்குப் பக்கம் 20 மிமீ உள்ள ஹெக்ஸ் பாரில் வித்தியாசம் 1.55 மிமீதான், பார் ஃபீடருக்குப் போகிற ஹெக்ஸுக்கு அது நல்ல நுழைமுனையாகவே அமையும். சதுரத்துக்கும் ஃபிளாட்டுக்கும் (பட்டைக் கம்பி) இந்த மெஷினை நினைக்கவே வேண்டாம்.

மற்ற மறைசெலவுகளும் உண்டு. கம்பி வளைந்திருந்தாலோ வட்டம் கெட்டிருந்தாலோ சாம்ஃபர் ஒருபக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் இல்லாமலும் வரும். குளிர் இழுப்புக் கம்பியில் இந்தத் தொல்லை குறைவு. சூடு உருட்டுக் கம்பியில் அளவும் ஏறி இறங்கும், மேலே உள்ள கருஞ்செதிள் இன்செர்ட்டையும் தின்னும். இன்செர்ட் மழுங்கினால் மெஷினே புதுப் பிசிறு உண்டாக்கும்: சாய்வும் வட்டமும் சேருமிடத்தில் முடி போல ஒரு கோடு. அதைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் ஆயிரம் கம்பியும் அப்படியே போய்விடும். கம்பியை ஏற்றி இறக்கும் தாங்கிகளும், அவற்றுக்கான தரை நீளமும் விலைப்பட்டியலில் முதல் பக்கத்தில் இருப்பதில்லை.

## சுழல் பிரஷ்

இதற்குச் சாய்வு போடத் தெரியாது, விளிம்பை மென்மையாக உருட்டத் தெரியும். சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த நைலான் இழை சின்னப் பிசிறையும் இன்செர்ட் விட்டுச்சென்ற முடிக்கோட்டையும் அழகாக எடுக்கும். ரொம்ப அழுத்தினால் இழை சூட்டில் இளகி உலோகத்தில் தேய்ந்து ஒட்டும். எஃகு இழை வைத்த கம்பி பிரஷ் வேறு மாதிரி ஏமாற்றும். தடித்த பிசிறை வெட்டாமல் மடித்து ஒட்டவைத்துவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், பிறகு பொருத்தும்போது மடிந்தது உரிந்து வரும். ஆகவே பிரஷ்ஷை முதல் வேலைக்கு வைக்காமல், சாம்ஃபருக்குப் பின்னால் வரும் இரண்டாவது வேலையாக வையுங்கள். பெயிண்டுக்கும் குரோமுக்கும் போகும் முனைகளுக்கு அந்த ஜோடி நல்ல பலன் தரும்.

## பேரலும் அதிர்தொட்டியும்

கைக்குள் அடங்கும் துண்டுகளுக்கு மட்டும். சுழலும் பேரலிலோ அதிரும் தொட்டியிலோ பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கற்களோடு கொட்டிவிட்டால் ஆள் பார்க்காமலே மணிக்கணக்கில் ஓடும். முனை மட்டுமல்ல, முழுத் துண்டுமே உரசப்படும் என்பதால் மேற்பரப்பு அளவு முக்கியமான பின்களுக்கு யோசித்துப் போட வேண்டும். கனமான துண்டுகள் ஒன்றோடொன்று மோதித் தழும்பு வாங்கும். அழுக்குநீரைச் சுத்திகரிப்பதும் துண்டுகளை உடனே உலர்த்துவதும் இதன் மறைசெலவுகள்.

வாயு வெடிப்பாலும் மின்வேதியாலும் பிசிறு எடுக்கும் முறைகளும் இருக்கின்றன. அவை உட்துளைகள் குறுக்கிடும் இடங்களுக்கானவை; வெளியே தெரியும் கம்பி முனைக்குத் தேவைப்படாது.

## ஒரே பார்வையில்

| வழி | அளவு ஒழுங்கு | பொருந்தும் வடிவம் | நீளம் | எப்போது கட்டும் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|---|
| அரம், கைக் கிரைண்டர் | ஆளைப் பொறுத்தது | எல்லாம் | எதுவும் | சில டஜன் வரை | கை அதிர்வு, முனைக்கு முனை வித்தியாசம் |
| பெஞ்ச், பெல்ட் | சுமார் | வட்டம் நன்று | சுமார் 1 மீட்டருக்குள் | கை பாதுகாப்புக்கான வேலை | தூசு, கல் பராமரிப்பு |
| லேத் | மிக நன்று | வட்டம், ஹெக்ஸ், குழாய் | ஸ்பிண்டில் விடும் அளவு | எப்படியும் கடைசல் உள்ளபோது | இழந்த லேத் நேரம் |
| இருமுனை மெஷின் | நன்று | வட்டம், குழாய். ஹெக்ஸ் ஓரளவு | நீளமும் சரி | ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் | செட்டிங், இன்செர்ட், இடம் |
| பிரஷ் | ஆரம் மட்டும் | எல்லாம் | ஏற்பாட்டைப் பொறுத்தது | சாம்ஃபருக்குப் பின் | மடிந்த பிசிறு |
| பேரல், தொட்டி | ஆரம் மட்டும் | எல்லாம் | சின்னத் துண்டு | ஆயிரக்கணக்கில் | நீர், உலர்த்தல், தழும்பு |

## சரி, உங்களுக்கு எது?

அளவு நாளுக்கு நாள் மாறுகிற, சதுரமும் ஃபிளாட்டும் கலந்து வருகிற இடமென்றால் மெஷின் வாங்க வேண்டாம். நல்ல பெல்ட் கிரைண்டர், கம்பியைத் தாங்க உருளை வைத்த ஸ்டாண்டு, தூசு உறிஞ்சி, வேலையை மணிக்கொருமுறை மாற்றிக்கொள்ள இரண்டாவது ஆள். அந்தப் பணத்தில் மீதியை நல்ல ரம்பப் பிளேடுகளில் போடுங்கள்.

பார் ஃபீடருக்கோ மரை உருட்டலுக்கோ வட்டக் கம்பி தயார் செய்கிறவர்களுக்குத் தயக்கமே வேண்டாம், இருமுனை மெஷின்தான். மாதத்தில் சில நாள் மட்டும்தான் அந்த வேலை என்றால், ஒருமுனை மெஷின் ஒன்றை வைத்துத் திருப்பிப் போட்டுச் செய்யலாம். நேரம் கூடும், முதலும் இடமும் குறையும்.

சீல் வழியாகப் போகும் ராடு செய்கிறவர்கள் லேத்திலேயே இருங்கள், பிரஷ்ஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு முனை கெட்டால் போவது முழு சிலிண்டரின் வேலை. சின்ன பின்கள் செய்பவர்களுக்கு, மேற்பரப்பு அளவு இடம் கொடுத்தால் அதிர்தொட்டி. கொடுக்காவிட்டால் துண்டாக்கும்போதே சாம்ஃபர்.

மெஷின் என்று முடிவெடுத்தவர்கள் விற்பவரின் மாதிரிக் கம்பியில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். உங்கள் குவியலில் இருப்பதிலேயே மோசமான நூறைக் கட்டி எடுத்துப் போங்கள்: கொஞ்சம் வளைந்தது, செதிள் பிடித்தது, மழுங்கிய பிளேடில் அறுத்தது. ஓட்டிய பின் வெர்னியரால் முகத்தின் விட்டத்தை அளங்கள். 20 மிமீ கம்பியில் 1 மிமீ, 45 டிகிரி சாம்ஃபர் என்றால் முகம் 18 மிமீ காட்ட வேண்டும். சாய்வின் அகலம் சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பிறகு முதல் கம்பியையும் நூறாவது கம்பியையும் பக்கத்தில் வைத்து, வட்டத்தின் விளிம்பில் பஞ்சுத் துணியை இழுத்துப் பாருங்கள். நூறாவதில் நூல் மாட்டினால், இன்செர்ட்டின் ஒரு முனை எத்தனை கம்பி தாங்கும் என்று விற்பவரிடம் கேட்டு, அந்த எண்ணைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.